ஆறாவது லைன் சிவப்புக் கோட்டு

ஜூன் 3, செவ்வாய்

நர்ஸம்மா தேதி குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் போகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எதற்கு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. லீவே போடாதவர்களுக்குப் புத்தாண்டில் கம்பெனி கொடுத்த டைரி பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறேன். அடுத்த வருடம் எனக்கு டைரி கிடைக்காது.

இன்று வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் தினகர், "உடம்பு தேவலையாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று.

நான் இடது கை. ஆண்கள் சட்டைக்கு இடது கையை உடம்போடு சேர்ப்பது என் வேலை, எட்டு வருடமாக. எனக்கு முன் மெஷினில் மரியபுஷ்பம் அக்கா. அவர் வலது கை. அவர் தைத்துத் தள்ளும் சட்டைதான் என்னிடம் வரும். இத்தனை வருடமாக அவர் முதுகைப் பார்த்துத்தான் தைக்கிறேன். இன்று அவர் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

இரவுக்கு ரசம். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

போகிறது.

நர்ஸம்மா படித்தால் புரியட்டும் என்று எங்கள் லைனைப் பற்றி எழுதுகிறேன். ஒரு லைனில் நாற்பது பேர். தூணில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு சிவப்புக் கோட்டு. கை வைக்காதது, முதுகில் வெள்ளையாக 6 என்று போட்டிருக்கும். பாத்ரூம் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். போனவர் வந்து ஆணியில் மாட்டும் வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் எழுந்திருக்கக் கூடாது. சிவப்பு நடந்து போவது ஹாலின் அந்தக் கோடி வரை தெரியும். யார், எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை. நாற்பது பெண்களின் வியர்வையும் அந்த ஒரு கோட்டில்தான். துவைத்து நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரரும் இதே கம்பெனிதான். கட்டிங் செக்‌ஷன். அங்கே எல்லோரும் ஆண்கள், அங்கே கோட்டு கிடையாது. எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நானும் சொன்னதில்லை. புருஷனிடம் போய் இதையெல்லாமா சொல்வது?

ஜூன் 6, வெள்ளி

போகிறது. வெந்தயக் குழம்பு. வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

புஷ்பம் அக்காவுக்குச் சர்க்கரை. ஐம்பதைத் தாண்டியவர். லைனிலேயே அதிகம் எழுந்து போகிறவர் அவர்தான், அதற்காகத் தினகரிடம் அதிகம் பேச்சு வாங்கியவரும் அவர்தான். பேச்சு வாங்கிவிட்டுச் சிரிப்பார். "என் மூத்திரத்துக்கு இந்தக் கம்பெனியே கணக்கு வச்சிருக்குடி, எனக்கே தெரியாது" என்பார்.

இப்போது சிரிப்பதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். அவர் கோட்டைத் தொடுவதே இல்லை. கோட்டு ஆணியில் சும்மா தொங்கினாலும் எடுக்காமல், தினகர் அந்தக் கோடிக்குப் போகும் நேரம் பார்த்து, சும்மா நழுவிப் போய் வருகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ஜூன் 11, புதன்

நின்றுவிட்டது. இனி எழுத வேண்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

எழுதுகிறேன்.

புஷ்பம் அக்கா மாட்டிக்கொண்டார். கோட்டு இல்லாமல் திரும்பி வரும்போது தினகர் வழியில் நின்றார். ஹாலே கேட்கும்படி கத்தினார்.

"கோட்டு ஆணியில தொங்குதுல்ல? கண்ணு தெரியலயா?"

"தெரியுது சார்."

"அப்புறம் ஏன் போடல?"

"அது இங்கனயே இருக்கட்டும் சார். யாருக்காச்சும் அவசரம்னா வேணும்ல."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அதிலேயே தெரிந்தது என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று. நான் சட்டைக் கையில் ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விதியை மீறினாராம், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினாராம். அவர் மெஷினில் உடனே வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லைன் வழியாக நடந்து போனார். நாற்பது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. என் மெஷினும் ஓடியது.

ஜூன் 13, வெள்ளி

சங்கம் என்றால் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சந்தா கேட்டால் கொடுப்பேன், கூட்டத்துக்குப் போனதில்லை. இன்று போனேன். இந்திராணி அக்கா வீட்டு மாடிதான் சங்க ஆபீஸ், வேன் எங்களை இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்தில். கால் அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் லைனில் காலர் தைக்கிறவர் இந்திராணி. சங்கச் செயலாளரும் அவர்தான்.

ஸ்ட்ரைக் என்றார்கள் சிலர். ஸ்ட்ரைக் என்றால் கேட்டைப் பூட்டி வெளியூர்ப் பெண்களை இறக்குவார்கள் என்றார்கள் சிலர். ஒரே சத்தம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இந்திராணி கேட்டார்:

"விதி என்ன சொல்லுது? செவப்புக் கோட்டு போட்டவ எந்திரிச்சுப் போகலாம். அம்புட்டுத்தான? நாம நாப்பது பேரும் போட்டுக்கிட்டு வருவோம். ஒருத்தியும் விதியை மீற வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

மே தினத்துக்கு வாங்கிய கொடித் துணி ஒரு பேல் மிச்சம் இருக்கிறது. நல்ல சிவப்பு. தைக்க நாற்பது பேர் இருக்கிறோம். வெட்டத்தான் ஆள் இல்லை. காலர் தைக்கத் தெரியும், பட்டன் கட்டத் தெரியும், துணியை மேசையில் போட்டு உடம்பு வெட்ட எங்களில் யாருக்குத் தெரியும்? அது ஆண்கள் வேலை என்று எங்களை அந்தப் பக்கமே விட்டதில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உன் வீட்டுக்காரரு வெட்டித் தருவாரா ஜோதி?"

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன். கேட்டால் மாட்டேன் என்பார். கம்பெனி என்றால் அவருக்குக் கோயில் மாதிரி. கேட்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பொய் சொன்னேன்.

"மாமா, நம்ம தெரு இந்திராணி அக்கா கேட்டாங்க. அம்மன் கோயில் திருவிழாவுல கூட்டத்தை ஒழுங்குபடுத்துற ஆளுங்களுக்கு செவப்புக் கோட்டு வேணுமாம். கை இல்லாதது. நாப்பது. நீங்க வெட்டிக் குடுத்தா தச்சுக்குவாங்களாம்."

"ஆம்பளையாளுகளுக்கா?"

"ஆமா."

அவர் முகம் இத்தனை நாளில் முதல் தடவையாகத் தெளிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பது உப்பு போதுமா, தண்ணி வந்ததா என்பதோடு சரி. அவருக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை, எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்போது கட்டிலைச் சுவர் பக்கம் நிறுத்தி, தரையைத் துடைத்து, துணியை மடிப்பு மடிப்பாக விரித்தார். பேப்பரில் அளவு போட்டார். இடது கைக்காரர், அவருடைய கத்திரியும் இடது கைக்கென்று சொல்லிச் செய்தது. முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வெட்டினார். ஏதோ பாட்டு கூட வாய்க்குள் ஓடியது.

"யாரு போட்டாலும் தோளு பிடிக்கக் கூடாது. கொஞ்சம் தாராளமா விட்டுருக்கேன்" என்றார்.

சாயங்காலம் கட்டு கட்டிக் கொடுத்தார். சந்தோஷமாக இருந்தார். பொய் சொன்னது எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

ஷிஃப்ட் முடிந்து மாடியில் தையல். அங்கும் இங்கும் கேட்டு வாங்கிய ஆறு மெஷின். முதல் நாள் பெரிய கூத்து. ஆளுக்கு ஒரு கோட்டு தைப்போம் என்று ஆரம்பித்தால் ஒருவருக்கும் முழுதாக ஒரு உடுப்பு தைக்கத் தெரியவில்லை. பத்து வருடம் பட்டன் பட்டி மட்டும் தைத்தவள் தோளைச் சேர்க்கும்போது உள்பக்கத்தை வெளியே வைத்துச் சேர்த்துவிட்டாள். பிரித்தோம். இன்னொருத்தி அடி மடிக்காமலே முடித்துவிட்டு, "இது எனக்கு வராதுக்கா, இது பின்னாடி மெஷின்ல பண்ணுவாங்க" என்றாள். பின்னாடி மெஷினே அங்கு இல்லை.

"நாப்பது பேரைச் சேத்தாத்தான் இங்க ஒரு டெய்லரு" என்றார் இந்திராணி.

கடைசியில் கம்பெனியில் போலவே வரிசையாக உட்கார்ந்தோம். தோள் தைப்பவள் தோள், பக்கம் தைப்பவள் பக்கம், கைமாற்றிக் கைமாற்றி. சரியாக ஓடியது. எனக்குத்தான் வேலை இல்லை. கை இல்லாத கோட்டில் இடது கைக்காரிக்கு என்ன வேலை? பிசிறு வெட்டினேன்.

புஷ்பம் அக்கா வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லையாம். "ஜோதி வர்ற எடத்துக்கு நான் எந்த மூஞ்சியோட வர்றது" என்றாராம். அதைச் சொன்ன பெண்ணுக்கு அர்த்தம் தெரியாது. என்னிடமே வந்து அர்த்தம் கேட்டாள். தெரியாது என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

முதல் கோட்டைப் போட்டுப் பார்த்தோம். முழங்கால் வரை தொங்கியது. தோள் முழங்கைக்கு வந்தது. கை நுழைக்கிற ஓட்டை இடுப்பு வரை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆம்பளையாளுக என்று நான்தானே சொன்னேன். நல்ல வாட்டசாட்டமான ஆம்பளைகளுக்கு வெட்டியிருக்கிறார் மனிதர்.

"பிரிச்சுச் சின்னது பண்ணுவமா?"

"எதுக்கு? பெருசா இருந்தாத்தான் நல்லாத் தெரியும்" என்றார் இந்திராணி.

ஜூன் 23, திங்கள்

இன்று போட்டோம். வேனிலேயே போட்டுக்கொண்டோம். அப்பா சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இருந்தோம். தோளில் ஊக்கு குத்தினோம். கடைசி மெஷின் பெண் ஒருத்தி, தொங்கும் இரண்டு முனையையும் இழுத்து இடுப்பின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அது அவளுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. கேட்டுக்குள் நுழைவதற்குள் நாற்பது பேர் இடுப்பிலும் முடிச்சு.

பெல் அடித்ததும் மெஷினை ஓட்டினோம். டார்கெட்டில் ஒரு சட்டை குறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எழுந்தாள். பிறகு வேறொரு பக்கம் இன்னொருத்தி.

"ஏய், யாரு போறது? கோட்டு எங்க?"

"போட்டிருக்கேன் சார்."

தினகர் ஆணியைப் பார்த்தார். ஆணியில் கம்பெனிக் கோட்டு தொங்கியது. எங்களைப் பார்த்தார். லைன் முழுக்கச் சிவப்பு. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாவமாகக் கூட இருந்தது.

எல்லோருக்கும் உள்ளே சிரிப்பு. எனக்கு வெறும் துணி போட்டிருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் கழற்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் ஆட்கள் எதிரே வந்தார்கள். அவரும் வந்தார். நாற்பது கோட்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிற்காமல் போய்விட்டார்.

வீட்டில் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"ஆம்பளையாளுன்னு சொன்ன."

"ம்."

"பொம்பளைங்களுக்குன்னு சொல்லியிருந்தா ஒழுங்கா அளவெடுத்து வெட்டியிருப்பேன்ல."

திட்டியிருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

நான்காவது லைனிலும் ஒன்பதாவது லைனிலும் சிவப்பு. அவர்களுக்குக் கொடித் துணி கிடைக்கவில்லை. சிவப்புத் துண்டு, சிவப்புத் துப்பட்டா, ஒருத்தி புருஷனின் சிவப்புப் பனியன். ஒன்பதாவது லைனில் ஒரு பெண் சர்ச்சில் கிறிஸ்துமஸ் தாத்தா போடுகிற சட்டையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், வெள்ளைப் பஞ்சு விளிம்போடு. எல்லோர் இடுப்பிலும் அந்த முடிச்சு. முடிச்சு சரியாக விழாதவர்களுக்குக் கடைசி மெஷின் பெண் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கொடுக்கிறாள்.

கேட்பது ஒன்றுதான். புஷ்பம் அக்காவைத் திரும்ப எடு, ஆணியைப் பிடுங்கு. ஒன்றா இரண்டா தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

மானேஜர் இந்திராணியைக் கூப்பிட்டார். விதியை மீறவில்லை என்பதால் அதைப் பிடிக்க முடியவில்லை. வேறொன்றைப் பிடித்துவிட்டார். கோட்டு ஒன்றைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாராம். தையல் சேருமிடத்தைக் காட்ட வெட்டுகிறவர்கள் விளிம்பில் சின்னதாக ஒரு கீறல் போடுவார்கள். எல்லோருடைய கீறலும் ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரருடையது மறு பக்கம் சாயும். இந்தக் கம்பெனி கட்டிங்கில் இடது கைக்காரர் ஒருவர்தான், என் வீட்டுக்காரர்.

"இது வீட்ல வெட்டுன வெட்டு இல்ல. நம்ம மேசையில, நம்ம கட்டிங்ல வெட்டி வெளிய கொண்டு போயிருக்காங்க. இது திருட்டு" என்றாராம்.

திருட்டு என்றால் நாற்பது பேரையும் ஒரே நாளில் அனுப்பலாம். புஷ்பம் அக்காவோடு நாற்பத்தொன்று.

நான் இதைப் பற்றி நினைத்திருக்கவே இல்லை. அவரை இதில் இழுத்துவிட்டிருக்கிறேன் என்று இன்றுதான் உறைத்தது.

ஜூன் 28, சனி

அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். நானாகக் கேட்டேன்.

"என்ன மாமா சொன்னாங்க?"

"சங்கத்துப் பொம்பளைங்க எனக்குத் தெரியாம செக்‌ஷன்லருந்து கட்டிங்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிக் குடுக்கணுமாம். குடுத்தா கட்டிங் இன்சார்ஜ் போஸ்ட்டாம். உன்னைய மட்டும் விட்டுருவாங்களாம்."

"குடுக்கலேன்னா?"

"திங்கக்கெழம வரைக்கும் யோசிக்கச் சொன்னாரு."

என்ன செய்யப்போகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. தோசை ஊற்றினேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் கடைக்குப் போய்விட்டு வந்தவர், பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அந்தக் கோட்டுல அப்படி என்னதான் இருக்கு? நாப்பது பேரு வேலை போனாலும் பரவாயில்லன்னு நிக்கிறீங்க. எனக்குப் புரியிற மாதிரி ஒரு தடவை சொல்லு."

சொன்னேன். இதுவரை நர்ஸம்மாவிடமும் சொல்லாததை, இந்த டைரியிலும் எழுதாததை அவரிடம் சொன்னேன். இப்போது எழுதியும் விடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே இடுப்பு வலித்தது. மூன்றாவது மாசம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எழுந்தேன். கோட்டு ஆணியில் இல்லை. தினகர், "கோட்டு வரட்டும், உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன். தைத்தேன். திரும்ப எழுந்தேன். "சொன்னா கேக்க மாட்டியா?" என்றார். உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை எழவில்லை. ஈரம் தெரிந்துவிட்டது. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் உட்கார்ந்தபடியே தைத்துக்கொண்டிருந்தேன். இடது கை, இடது கை, இடது கை. அன்றைக்கும் என் டார்கெட் குறையவில்லை.

சீக்கிரம் போயிருந்தாலும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். இருக்கலாம். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. என் பிள்ளை போய்க்கொண்டிருக்கும்போது நான் வேறு யாருக்கோ சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை விட்டு எழ எனக்கு அனுமதி இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

அவர் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்.

"அப்பக் கோட்டு யார் போட்டிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவர் கையில் நாற்பது பேர் வேலை இருக்கிறது. ஆனால் ஒரு பொய் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"புஷ்பம் அக்கா."

"எந்தப் புஷ்பம்? இந்த சஸ்பெண்ட் ஆனவங்களா?"

"ஆமா. அவங்களுக்குச் சக்கரை. அன்னைக்கு உள்ள போனவங்களுக்கு மயக்கமா வந்து அங்கனயே உக்காந்துட்டாங்களாம். வர லேட்டாயிருச்சு. வந்து கோட்டைக் கழட்டி மாட்டுறப்பத்தான் என் ஸ்டூலைப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க கோட்டைத் தொடல மாமா. வேற யாரும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு சும்மாவே போனாங்க. அதுக்குத்தான் அனுப்பிட்டாங்க."

"அந்தம்மாவுக்கா நான் கோட்டு வெட்டுனேன்?"

"ஆமா."

"உனக்கு அவங்க மேல கோவம் இல்லையா?"

"தெரியல மாமா. அவங்களுக்கும் அடக்க முடியல, எனக்கும் அடக்க முடியல. கோட்டு ஒண்ணுதான இருந்துச்சு."

அவர் அழுதார். சத்தம் போட்டு, பிள்ளை மாதிரி அழுதார். ஆஸ்பத்திரியில் கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பையில் இருந்த தக்காளி நசுங்கியிருந்தது. எடுத்துக் கழுவி வைத்தேன்.

திங்கள் என்ன செய்வார் என்று அப்போதும் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

நாள் முழுக்கக் கட்டிங் பக்கம் பார்க்காமல் தைத்தேன். ஒரு சட்டைக்கு இடது கையை உள்பக்கம் வெளியே வைத்துச் சேர்த்துவிட்டேன். எட்டு வருடத்தில் முதல் தடவை.

வேனில் அவர் வரவில்லை. பின்னால் பஸ்ஸில் வந்தார். சட்டையெல்லாம் தூசி.

"சங்கத்துத் துணி, என் கத்திரி, என் வீட்டுத் தரை. வெட்டுனது நான். கம்பெனியோட நூலு ஒண்ணு கூட அதுல கெடயாதுன்னேன். எதுக்குடா வெட்டுனன்னு கேட்டாரு. என் பொண்டாட்டிக்குன்னேன்."

"அப்புறம்?"

"நாளையிலருந்து கட்டிங் மேசைக்கு வர வேணாம், குடோனுக்குப் போன்னுட்டாரு. இன்னைக்கே போயிட்டேன். துணி பேல் எறக்குற வேலை."

"மாமா..."

"அதை விடு. அன்னைக்கு அந்த தினகரு உன்னைய உக்காருன்னு சொன்னத, நீ ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

குடோனில் கத்திரிக்கு வேலை இல்லை. பன்னிரண்டு வருடத்தில் சேர்த்த பெயர் அவருக்கு அந்த மேசையில்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன், முதுகு தேய்த்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

அவர் கையெழுத்து இல்லாமல் திருட்டுப் புகார் நிற்கவில்லை. இதற்குள் சிவப்பு ஏழு லைனுக்குப் போய்விட்டது. ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. மானேஜர் இந்திராணியைக் கூப்பிட்டு, மரியபுஷ்பத்தை மன்னித்துத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆளை மட்டும் கொடுங்கள் என்றாராம் இந்திராணி.

கோட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஆணியில் அது இல்லை. ஆணியும் இல்லை, தூணில் ஒரு ஓட்டைதான் இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கட்டிங் மேசை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கும் பேசுவோம் என்றார் இந்திராணி. பேசுவார்.

எல்லோரும் மாடியில் டீ குடித்தார்கள். நானும் குடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

புஷ்பம் அக்கா நேற்று வந்தார். முன் மெஷினில் உட்கார்ந்தார். வலது கையைத் தைத்துத் தள்ளினார், நான் இடது கையைத் தைத்தேன். நேற்று முழுக்கத் திரும்பவில்லை. இன்று மத்தியானம் வரை திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கம்போலத் தூணைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுந்தேன். தினகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சும்மா நடந்தேன், கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த நீல ஓவர்கோட்டோடு, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. யாரும் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. அன்றைக்கும் இவ்வளவுதானே தூரம்?

உள்ளே போய்த் தாழ் போட்டேன். அப்போது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டேன், அப்படியும் சத்தம் வந்தது. பேர் கூட வைக்காத பிள்ளைக்காக அழுதேன். குடோனில் பேல் தூக்குகிறவருக்காக அழுதேன். நிறுத்தலாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது. தட்டவில்லை. ஒரு இருமல் கேட்டது. எட்டு வருடமாக முன் மெஷினிலிருந்து கேட்கிற இருமல்தான். அவரால் ஐந்து நிமிடம் கூடத் தாங்க முடியாது என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்க்கா" என்றேன்.

"நீ இரு ஜோதி" என்றார் புஷ்பம் அக்கா. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."